பழைய ஆர்எக்ஸ் 100-ஐ வீட்டிலேயே சரிசெய்வது: பிஸ்டன் வாங்கும் முன் காற்றுக் கசிவைப் பாருங்கள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் வேலை சிலிண்டரைக் கழற்றி லேத்தில் கொடுத்து, போர் போட்டு (உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி), புது பிஸ்டன் கிட் மாட்டுவதுதான். சத்தம் அடங்குகிறது, பிக்கப் வருகிறது, சரி. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டரில், சில வண்டிகளில் சில நூறிலேயே, அதே சிலிண்டர் மறுபடி சீஸ் ஆகிவிடுகிறது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பிஸ்டன் மட்டம், லேத்காரர் சரியில்லை என்று பழி போகும். பழைய பிஸ்டன் எதனால் போனது என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதனால் போகிறது என்று புரிய, இந்த வண்டியில் உள்ள டூ-ஸ்ட்ரோக் என்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிய வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிராங்க் இருக்கும் அறை வெறும் ஆயில் தொட்டி. டூ-ஸ்ட்ரோக்கில் அந்த அறைதான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது ரீட் வால்வு (உள்ளே மட்டும் வழிவிடும் மெல்லிய தகடு) வழியாக பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறைக்குள் இழுக்கப்படுகின்றன, கீழே வரும்போது அழுத்தப்பட்டு, சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள் வழியாக மேலே தள்ளப்படுகின்றன. இந்த அறையில் எங்காவது ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் போதும், கார்புரேட்டர் அளந்து கொடுக்காத காற்று உள்ளே புகுந்துவிடும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடிக்கும். டேங்கில் ஆயில் கலந்து ஓட்டுகிற வண்டியாக இருந்தால் பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலின் பங்கும் குறைகிறது, அது இரட்டை அடி.

ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-இல் வந்து 1996-இல் நின்றது. 98 சிசி, போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன், நாலு கியர். கடைசியாக வெளிவந்த வண்டிக்கே இன்று சுமார் முப்பது வயது. கம்பெனி மாட்டிய ஆயில் சீலும் கார்புரேட்டர் ரப்பரும் இன்னும் அதில் இருந்தால் அவற்றுக்கும் அதே வயது. இதை மனதில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

வாங்கும்போது

முதலில் காகிதம். இந்த வண்டி திருட்டு அதிகம் போகிற வண்டி, அதனால் ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று நேரில் பாருங்கள், போட்டோவில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆர்எக்ஸ் 100-இன் எண்கள் 1எல்1 என்று தொடங்கும். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ, அந்த இடத்தில் மட்டும் தடித்த பெயின்ட்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், எனவே எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை இருக்கிறது என்றும் பழைய கடன் குறிப்பு ஏதாவது நீக்கப்படாமல் நிற்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆர்எக்ஸ் 135-இன் என்ஜினை உள்ளே வைத்து 100 என்று விற்கப்படும் வண்டிகளும் உண்டு. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், போர் மட்டும் 135-இல் 58 மி.மீ. ஓட்ட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆர்.சி.யில் அந்த எண் ஏறியிருக்காவிட்டால் பின்னால் எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் என்ஜின். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம், ஆறும்வரை காத்திருந்து நீங்களே கிக் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கி விட்டுவிடுங்கள். ரேஸ் உடனே இறங்கி ஐடிலுக்கு வர வேண்டும். இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு மெதுவாக வந்தால் கேபிள் சிக்கியிருக்கலாம், அது இல்லையென்றால் காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. குளிரில் கொஞ்சம் புகை சகஜம். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை விட்டுக்கொண்டே இருந்தால் கிளட்ச் பக்க ஆயில் சீல் போயிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள், அந்த சீல் வழியாக கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு எரியும். கியர் ஆயில் வெளியே எங்கும் சொட்டாமலே அளவு குறைந்துகொண்டு வந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான்.

கழற்றும் முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், இந்த வண்டிக்கான மேக்னெட் புல்லர் (கிராங்க்கின் இடப்பக்க முனையில் சுழலும் மேக்னெட்டை இழுத்து எடுப்பது), ஒரு இம்பாக்ட் டிரைவர். கடைசியாகச் சொன்னதைத் தள்ளிவைக்காதீர்கள். பக்க மூடிகளில் இருக்கும் ஸ்டார் ஸ்குரூக்கள் ஜப்பானிய அளவு, சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக உட்காராது, நழுவி நழுவித் தலையைத் தின்றுவிடும். இம்பாக்ட் டிரைவரில் சரியான பிட் போட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும். மேக்னெட்டைப் புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டியோ நெம்பியோ எடுக்கவே கூடாது, கிராங்க்கின் முனை வளைந்தால் அந்தச் செலவு மற்ற எல்லாச் செலவையும் விடப் பெரியது.

பிபி கருவியை வைத்துக் கசிவைக் கண்டுபிடிப்பது

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான இடம். கைப்பையால் அமுக்கும், வட்ட முள் காட்டி வைத்த பழைய பிபி கருவி ஒன்று போதும். அதன் அளவு 300 வரை போகும், அது ஏறத்தாழ 0.4 பார், டூ-ஸ்ட்ரோக் கிராங்க் அறையைச் சோதிக்கச் சரியான அழுத்தம்.

சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துவாரத்தின் மேல் ரப்பர் ஷீட் ஒரு துண்டும் அதன் மேல் இரும்புப் பட்டை ஒன்றும் வைத்து போல்ட்டில் முடுக்கி அடைத்துவிடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, அது உட்காரும் ரப்பர் குழாயில் பொருந்துகிற ஒரு ரப்பர் அடைப்பானைச் செருகி கிளிப் போட்டு இறுக்குங்கள், அந்த அடைப்பானின் நடுவில் துளை போட்டு பிபி கருவியின் குழாயை நுழைத்துவிட வேண்டும். தனி டேங்கிலிருந்து என்ஜினுக்கு ஆயில் கொடுக்கும் ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி அது சேரும் முனையையும் அடையுங்கள், பலர் மறப்பது இதைத்தான். பிளக் அதன் இடத்தில் இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள், அப்போதுதான் துவாரங்கள் திறந்து சிலிண்டரும் கிராங்க் அறையும் ஒரே அறையாகும்.

இப்போது 300 வரை அமுக்கிவிட்டு ஒரு ஐந்தாறு நிமிடம் முள்ளைப் பாருங்கள். நல்ல என்ஜினில் முள் மிக மெதுவாகத்தான் இறங்கும். நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வாருங்கள்: ஹெட் சேருமிடம், சிலிண்டரின் அடி பேக்கிங், ரீட் வால்வு கூடு, கார்புரேட்டர் ரப்பர், இரண்டு பாதி கேசிங்கும் சேரும் நடுக்கோடு, மேக்னெட்டைக் கழற்றினால் பின்னால் தெரியும் இடப்பக்க ஆயில் சீல். எங்கே குமிழ் வருகிறதோ அங்கே வேலை. வெளியே எங்கும் குமிழ் இல்லை, ஆனாலும் முள் இறங்குகிறது என்றால் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயின் மேல் சோப்புப் படலம் ஒன்று தடவுங்கள். அது உப்பினால் வலப்பக்க சீல் போயிருக்கிறது.

காற்று கம்ப்ரஸரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், நல்ல சீலையும் அது தள்ளிவிடும்.

இடப்பக்க சீலை வீட்டில் மாற்றலாம். பழையதைக் கிளறி எடுக்கும்போது சீல் உட்காரும் சுவரில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டு, புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, அதே விட்டமுள்ள பாக்ஸ் ஸ்பேனரை வைத்து நேராகத் தட்டி உட்காரவையுங்கள். வலப்பக்கத்துக்கு கிளட்ச், பிரைமரி கியர் வரை கழற்ற வேண்டும், முதல்முறை செய்பவர் அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதில் தவறில்லை.

கிராங்க்கையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள். மேக்னெட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது, இருந்தால் மெயின் பேரிங் தேய்ந்துவிட்டது. பேரிங் ஆடினால் புது சீலும் நிற்காது. சிலிண்டரைக் கழற்றிய பிறகு கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள், 'டக்' என்று ஒரு உணர்வு வந்தால் பிக் எண்ட் (ராடின் கீழ்முனை பேரிங்) போய்விட்டது. பக்கவாட்டில் கொஞ்சம் சாய்வது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

சிலிண்டரும் பிஸ்டனும்

கழற்றிய பிஸ்டனைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். நாலு இடத்தில் ஒரே மாதிரி கீறல் இருந்தால் பிஸ்டன் சூடாகுமுன் விரட்டியிருக்கிறார்கள், அல்லது போர் மிக இறுக்கம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அடி வாங்கியிருந்தால் அளவு மீறிய சூடு, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது ஆயில் குறைவு. ரீட் வால்வு பக்கம் சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மண் போயிருக்கிறது, செம்மண் பாதையில் ஓடிய வண்டிகளில் இது நிறைய.

ஆர்எக்ஸ் 100 சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் இருப்பதால் 50 மி.மீ.யிலிருந்து கால் கால் மி.மீ. ஆக 51 வரை போர் போட்டுக்கொண்டு போகலாம். பிஸ்டனை முதலில் வாங்குங்கள், அதை லேத்காரர் கையில் கொடுத்து அந்தப் பிஸ்டனுக்குப் போர் போடச் சொல்லுங்கள், அளவை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். காற்றில் குளிரும் இந்த அளவு சிலிண்டருக்குப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 0.04 மி.மீ. இடைவெளி வேண்டும், பிஸ்டனோடு வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். போர் முடிந்ததும் ஹோனிங் செய்து, அதாவது சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து, குறுக்குக் கோடுகள் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். போர் போட்டதும் துவாரங்களின் விளிம்பு கத்தி மாதிரி கூராகிவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக் வேலையே செய்து பழகிய பட்டறைகளில் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரிங் அந்த விளிம்பில் சிக்கினால் உடைந்து சிலிண்டரையும் கிழித்துவிடும். எல்லாத் துவாரத்தின் விளிம்பையும் லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள், வாங்கும்போது விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சிலிண்டரைச் சோப்புத் தூள் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவுங்கள், வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு ஒட்டாத வரை கழுவ வேண்டும். பெட்ரோலால் மட்டும் கழுவினால் ஹோனிங் தூள் சுவரிலேயே தங்கிவிடுகிறது. காய்ந்த உடனே 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் ஆயில்) தடவிவிடுங்கள், இல்லையென்றால் சற்று நேரத்தில் துரு பூக்கும்.

மாட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனைகளும் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசிக்கு நேராக வர வேண்டும், வராமல் சிலிண்டரை அமுக்கினால் ரிங் உடையும். சர்க்ளிப் (பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சின்னக் கம்பி வளையம்) எப்போதும் புதியது. அதைப் போடுகிற நேரம் கிராங்க் அறையின் வாயைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள், உள்ளே விழுந்தால் அதை எடுக்க என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். ஹெட் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

கார்புரேட்டர், ரீட் வால்வு, ஆயில் பம்ப்

கார்புரேட்டரைப் பிரித்து கிளீனர் அடித்து எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஜெட்டில் கம்பி விட்டுக் குடையக் கூடாது, பித்தளைத் துளை பெரிதாகிவிடும், நைலான் மீன்பிடி நரம்பு போதும். நீடில் கிளிப்பை நடுப் பள்ளத்தில் வையுங்கள். ஏர் ஸ்குரூவை முழுதும் முடுக்கி அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திருப்பி வைத்துத் தொடங்குங்கள், பிறகு என்ஜின் சூடானதும் ஐடில் நன்றாக நிற்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது பங்க்கில் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. இந்த வண்டி செய்யப்பட்ட காலத்தில் அது கிடையாது. எத்தனால் சேர்ந்தால் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாமல் போகிறது. அதனால் கசிவு எல்லாம் அடைத்த பிறகும் பிளக் வெளிறிப்போய் வந்தால் மெயின் ஜெட்டை ஒரு எண் பெரிதாக்கிப் பாருங்கள். பிளக் டீத்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் குழாயையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள், பழைய ரப்பர் ஊறி நொய்ந்து துகளாகி ஜெட்டில் போய் உட்காரும்.

ரீட் வால்வை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தகடு கூட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். முனை விரிசல் விட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் பல வண்டிகளுக்குக் காரணம் இது.

ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே ஆயில் கலப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆக்சிலரேட்டரையும் என்ஜின் வேகத்தையும் பார்த்து ஆயில் கொடுக்கிற நல்ல ஏற்பாடு அது. பம்ப் கெட்டுப்போவது அபூர்வம், காற்று புகுவதும் கேபிள் தளர்வதும்தான் நடக்கும். புதுக் குழாய் போட்டு, பம்பில் உள்ள சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை ஆயிலை ஒழுகவிட்டு மூடுங்கள். கேபிளைப் பம்பில் உள்ள குறிக்குச் சரியாகச் செட் செய்யுங்கள். முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் கலந்து ஓட்டி, அந்த நேரத்தில் ஆயில் டேங்கில் அளவு குறைகிறதா என்று குறி போட்டுப் பார்த்து நம்பிக்கை வந்த பிறகு பம்பை மட்டும் நம்பலாம். பம்ப் இல்லாமல் வந்த வண்டி என்றால் லிட்டருக்கு 25 மி.லி. ஜேஏஎஸ்ஓ எஃப்சி தரத்து (ஜப்பானியத் தரக் குறியீடு, டப்பாவில் இருக்கும்) 2டி ஆயில், அளவுக் குப்பியில் அளந்து, கண் மதிப்பில் வேண்டாம்.

சைலன்சர், டேங்க், மற்றவை

சைலன்சரின் பின்னாலிருந்து உள் குழலை உருவி எடுத்து கரியைச் சுரண்டுங்கள். எக்ஸாஸ்ட் துவாரத்தில் உள்ள கரியை பிஸ்டனைக் கீழே வைத்துக்கொண்டு மரக்குச்சியால் சுரண்ட வேண்டும், இரும்பால் கூடாது. குழலை நிரந்தரமாகக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் சத்தத்தைத்தான் வாங்குகிறார்கள். டூ-ஸ்ட்ரோக் சைலன்சரின் உள்வடிவம் அழுத்த அலையைத் திருப்பியடித்து, எரியாமல் தப்பிப் போகும் கலவையை சிலிண்டருக்குள் தள்ளுகிறது, அந்த வடிவத்தைக் குலைத்தால் நடு வேகத்தில் இழுவை போகும்.

டேங்கில் துரு இருந்தால் சிட்ரிக் ஆசிட் கலந்த வெந்நீரை ஒரு இரவு நிரப்பி வைத்து, மறுநாள் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் நன்றாகக் காயவைத்து உள்ளே 2டி ஆயிலைச் சுழற்றிவிடுங்கள். பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), ஸ்விங் ஆர்ம் புஷ், ஃபோர்க் சீல் எல்லாம் விலை குறைவு, யோசிக்காமல் மாற்றிவிடலாம். சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பதானால் எண் பொறித்த இடத்தை மறைத்து அடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் பாகம் கிடைக்க வாய்ப்பு உண்டு, புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. தேய்ந்த ஒரிஜினல் கார்புரேட்டரை விட நல்ல டூப்ளிகேட் மேல் என்று சொல்வார்கள், ஆனால் டூப்ளிகேட் ஜெட்டில் எண் ஒன்று, துளை ஒன்றாக இருக்கும், செட்டிங் வரவே வராது.

ரன்னிங்-இன், அதன் பிறகு

முதல் ஸ்டார்ட்டில் ஐந்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு அணைத்து, கை வைத்தால் சில்லென்று ஆகும்வரை விடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு ஹெட் நட்டுகளைக் குளிர்ந்த நிலையில் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் போகாமல், ஒரே வேகத்திலும் நிற்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். டாப் கியரில் திணறவைத்து மேடு ஏற்றுவது வேகமாக ஓட்டுவதை விட மோசம்.

அப்புறம், மலையிறக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு என்ஜின் பிரேக்கிலேயே இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்க உள்ளே போகும் ஆயில் மிகக் குறைவாக இருக்கும், பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டிக்கு இது இன்னும் ஆபத்து. இறங்கும்போது அடிக்கடி கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்து மூடுங்கள். ஓடும்போது திடீரென்று வேகம் தானாகக் குறைந்து என்ஜின் சத்தம் இறுகினால் அது சீஸ் ஆகத் தொடங்குகிற நேரம், அந்த நொடியே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஃபோம் ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுவது மாதம் ஒருமுறை, செம்மண்ணில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும். பிளக்கை 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றி நிறம் பாருங்கள், கியர் ஆயில் 3000-க்கு ஒருமுறை, அதுவும் பைக்குக்கான ஆயிலாக இருக்கட்டும், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வருடம் ஒருமுறை பிபி கருவியை எடுத்து அந்தக் கசிவுச் சோதனையைச் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் சில மாதம் நிறுத்திவைப்பதானால் பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்து, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் 2டி ஆயில் விட்டு, பிளக்கை மாட்டிவிட்டு மெதுவாக நாலைந்து முறை கிக்கரை அமுக்கி வையுங்கள். மறுபடி எடுக்கும்போது புதுப் பெட்ரோல் ஊற்றி, பிளக்கைக் கழற்றி வயரோடு ஹெட்டில் படும்படி வைத்துக்கொண்டு சில கிக் அடித்தால் உள்ளே நிற்கும் ஆயில் வெளியே வந்துவிடும், துடைத்துவிட்டுப் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.